போர்வைக்குள் ஆறு நாள்

1994 ஏப்ரலில் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கர்ப்பப்பை எடுத்துக் கிடந்தேன். பார்க்க வந்த ஒருத்தி, “இனி உனக்குப் பெண்ணுன்னு சொல்ல என்ன உண்டு ஸ்ரீகுமாரி?” என்று கேட்டுவிட்டு என் ஆரஞ்சையே உரித்துத் தின்றாள். அந்தக் கடுப்போடு திரும்பிப் படுத்தபோதுதான் அடுத்த கட்டில் புஷ்பபாயைக் கவனித்தேன்.

குளத்தூர்க்காரி, வீட்டிலிருந்தே தையல் வேலை. அப்பென்டிக்ஸ் எடுத்து நாலாம் நாளே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, “குளிருது, குளிருது” என்று கிடந்தாள். எங்களுக்கெல்லாம் வியர்த்து ஒழுகுகிறது, இவளுக்கு மட்டும் குளிராம்!

உண்மையை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். பதினெட்டு வயதிலிருந்து அவளுக்கு ஆண்களைப்போலத் தாடையில் முடி முளைத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகத் தினமும் கணவன் பொன்னுதாஸ் எழும்புமுன் குளியலறையில் மழித்துவிடுவாள். பிளேடு எதற்கென்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, தையல் பிரிக்க என்றாள். தையல்காரி சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் மத்தியானத்துக்குள் தாடை சுரசுரத்துவிடும். அந்தப் பயத்தில் ஏழு வயது மகள் ஜெஸ்னாவைக்கூட அவள் முகத்தோடு முகம் சேர்த்து அணைத்ததில்லை. அம்மைக்கு என்மேல் பிரியமே இல்லை என்று அந்தப் பிள்ளை அத்தையிடம் அழுதிருக்கிறது.

வயிற்றுவலி வந்த அன்று ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிளேடு வீட்டிலேயே இருந்துவிட்டது. பைஸ்டாண்டராகக் கூட நிற்க வந்தவள் பொன்னுதாஸின் அக்கா விமலகுமாரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் ஞாயிறு ஆராதனை முடியுமுன் சபை முழுக்கத் தெரிந்துவிடும். கட்டிலை விட்டு அசையவும் மாட்டாள். அவளிடம் பிளேடு கேட்க முடியுமா? தெரிந்தால் பொன்னுதாஸ் தன்னை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவான் என்று புஷ்பபாய் நடுங்கினாள். குளிர் என்று சொல்லிப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள், கஞ்சி குடிப்பதும் அதற்குள்ளேதான்.

அந்தப் பொய்தான் அவளை வீட்டுக்குப் போகவிடாமல் செய்தது. காய்ச்சல் இல்லாமல் குளிர் ஏன் என்று டாக்டருக்குச் சந்தேகம். ஊசிமேல் ஊசி போட்டார்கள். நாள் கூடக் கூட முடியும் வளர்ந்தது, முடி வளர வளரக் குளிரும் கூடியது. நாக்கைக் காட்டச் சொன்னபோது போர்வைக்குள்ளிருந்து நுனியை மட்டும் நீட்டினாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது போர்வை நழுவியது. நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும், பார்க்காதவள்போலத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

ஆறாம் நாள் காலையில் பொன்னுதாஸ் கஞ்சியோடு வந்தான். கொண்டுவரவே கூடாது என்று அவள் சொல்லியிருந்த ஜெஸ்னாவும் கூட வந்திருந்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார்.

“குளிரு இன்னும் மாறியில்லே? அப்ப உள்ள பழுத்திருக்கும். வயிற்றை இன்னொரு தடவை திறந்து பாக்கணும்,” என்று சொல்லி பொன்னுதாஸிடம் கையெழுத்துப் போட ஒரு சம்மதக் காகிதத்தை நீட்டினார். “கஞ்சி கொடுக்காண்டாம்.”

பேனாவை வாங்கிய பொன்னுதாஸ் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். புஷ்பபாய் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“ஒப்பு போடாண்டாம்,” என்றாள். “எனக்குக் குளிரல்ல. ஒருநாளும் குளிரல்ல.”

போர்வையை மார்புவரை தள்ளினாள். ஆறு நாள் முடி, கருகருவென்று.

விமலகுமாரிதான் முதலில் வாய் திறந்தாள். “எட்டி, இதுக்காக்கும் நீ ரெண்டாமதும் வயிற்றக் கீறக் கெடந்தது?”

டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொன்னுதாஸ் வராந்தாவுக்குப் போய்விட்டான். புஷ்பபாய் நடுங்கிய நடுக்கத்தில் இரும்புக் கட்டில் கடகடத்தது. தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, போனவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸ்னா யாரையும் கேட்காமல் கட்டிலில் ஏறினாள். அம்மையின் தாடையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். “குத்துது அம்மா,” என்று சிரித்தாள். பிறகு மற்றக் கன்னத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

“குத்தும் மக்கா,” என்றாள் புஷ்பபாய். “அம்மைக்கு இப்படியாக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னுதாஸ் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, “கஞ்சி ஆறுது, குடி,” என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

விமலகுமாரி குனிந்து கிசுகிசுத்தாள். “கீழ கடையில பிளேடு உண்டு. நாலுபேரு வருமுன்னே வாங்கிட்டு வரட்டா?”

புஷ்பபாயின் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. ஆனால் மகளைச் சுற்றியிருந்த கையை அவள் தளர்த்தவில்லை.

“இப்ப வேண்டாம் மைனி. பிள்ள இறங்கட்டு.”

பிள்ளை இறங்குகிறதாக இல்லை.