எதிரிக் கப்பலுக்குப் போர்த்திய கவசம்

கட்டைவிரல் அளவே இருக்கும் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் விண்கப்பல். அதை மதினி மேசையில் வைக்கும் விதமே தனி. மற்றவர்கள் காயைத் தள்ளுவதுபோல் தள்ளுவார்கள். அவள் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்து, எதிரே நிற்பது யார் என்று பார்த்து, அப்புறம்தான் விரலை எடுப்பாள். வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்திருந்தான். கட்டம் போட்ட கறுப்பு வானம், ஆளுக்கு மூன்று கப்பல், பகடை, ஒரு கட்டு அட்டைகள். தூத்துக்குடி பீச் ரோட்டில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையின் மாடியில் கூடம் ஒன்று உண்டு. அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும்வரை கரையில் கிடக்கும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அங்கே கூடி ஆடுவார்கள். அண்ணன் மறுபடி கப்பலேறியதும் அவனுடைய நாற்காலியில் மதினி போய் உட்கார்ந்தாள். துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த விளையாட்டில் சுடுவது பெரிய காரியமே இல்லை. தப்பிப் பிழைப்பதில்தான் சாமர்த்தியம். கப்பலுக்குக் கிடைக்கும் சக்தியில் எஞ்சினுக்கு எவ்வளவு, பீரங்கிக்கு எவ்வளவு, கவசத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு சுற்றிலும் பிரிக்கவேண்டும். கவசம் என்றால் இரும்புத் தகடு அல்ல, கப்பலைச் சுற்றி நிற்கும் கண்ணுக்குத் தெரியாத மறைப்பு. முன்னால் கூட்டினால் பின்னால் குறையும். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் கப்பல்மேலும் நம் கவசத்தைப் போர்த்தலாம். ஆனால் அது திரும்பக் கிடைக்கும்வரை நாம் வெறும் உடம்போடு நிற்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, மதினி இதில் கில்லாடி. வந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த பாதிப் பேரை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள்.

கூடத்தின் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. "ஆம்பளையாளுவ வந்து போற எடம்மா இது" என்று இழுத்தார்.

"நானும் வந்துட்டுப் போறவதான அண்ணாச்சி" என்றாள் மதினி.

கடைசியில் அவரே பந்தயம் கட்டினார். அடுத்த ஞாயிறு அவரோடு ஆடவேண்டும். ஜெயித்தால் நாற்காலி அவளுக்கு, தோற்றால் அந்த மாடிப்படி ஏறக்கூடாது. "ஆடுதேன்" என்று மட்டும் சொன்னாள் மதினி. எங்கள் பெரிய குடும்பத்துக்கு வாரம் முழுக்க வடித்துக்கொட்டிவிட்டு அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு மத்தியானம்தான். அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார் மனுஷன்.

அந்த ஞாயிறும் வந்தது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கப்பல் மிஞ்சியது. செயலாளரின் கப்பலில் எஞ்சினும் போச்சு, கவசமும் போச்சு. விதிப்படி அது தானாக மிதந்து, கறுப்பு வானத்தில் வரைந்திருந்த எரிகற்களுக்குள் போய்க்கொண்டிருந்தது, மோதினால் தூள்தான். மதினி சுடக்கூட வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே ஜெயம். அவளோ தன் கப்பலைக் கொண்டுபோய் அதை ஒட்டி நிறுத்தினாள். தன் கவச அட்டையை எடுத்து அவருடைய கப்பல்மேல் வைத்தாள்.

"மதினி, என்ன செய்யுதிய!" என்று நான் கத்தியே விட்டேன்.

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, இது வெளாட்டுதான?"

"வெளாட்டுல பாத்துக்கிட்டே போறவன் கடல்ல மட்டும் நிப்பானாக்கும்?" என்றாள் மதினி.

மதினிக்குச் சொந்த ஊர் கீழவைப்பார் என்ற மீன்பிடிக் கிராமம். அவள் அப்பாவின் வள்ளம் எஞ்சின் பழுதாகிக் கடலில் மிதந்தபோது, அந்த வழியாகப் போன ஒரு படகு பார்த்தும் திரும்பாமல் போனது. கூடப் போய் உயிர் தப்பிய ஒருவர்தான் அதை வந்து சொன்னார். அப்பா வரவில்லை. தத்தளிக்கிற வள்ளத்தைக் கண்டால் வலையை அறுத்துவிட்டாவது போகவேண்டும், பகையாளியாக இருந்தாலும் போகவேண்டும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அதை ஓர் அட்டை வானத்தில்கூட மீறமாட்டேன் என்று நின்றவளை அன்றுதான் பார்த்தேன்.

செயலாளர் என்ன செய்தார் தெரியுமா? அவள் கவசத்துக்குள் ஒண்டிக்கொண்டு எரிகற்களைத் தாண்டினார். எஞ்சினைச் சரிசெய்தார். பிறகு பக்கத்தில் வெறும் உடம்போடு நின்ற அவள் கப்பலைச் சுட்டார். விதி இடம் கொடுத்தது, அவரும் விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி மதினிமேல்.

"இப்படித் தூக்கிக் குடுத்துட்டியளே" என்று படியிறங்கும்போது அழுதேன்.

"இன்னொரு மட்டம் வந்தாலும் இதத்தான் செய்வேன். ஏளா, அழாத. ஞாயித்துக்கெழம வெள்ளனயே கெளம்பி நில்லு."

"பந்தயம் தோத்தாச்சுல்லா?"

"தோத்தேன், ஒத்துக்கிடுதேன். வரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அடுத்த ஞாயிறு போனோம். அவள் நாற்காலியைச் செயலாளர் உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தார். மதினி ஒன்றும் கேட்கவில்லை. மேசை முன்னால் நின்றபடியே தன் கப்பல்களை வரிசையாக வைத்தாள், பகடையை உருட்டினாள். எதிரே இருந்த, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகின் ஓட்டுநர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு அடுத்தவர் எழுந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். சாயங்காலம்வரை அத்தனை பேரும் நின்றுகொண்டேதான் ஆடினோம். உட்கார்ந்திருந்தவர் செயலாளர் ஒருவர்தான்.

இப்போது மதினி அண்ணனோடு கொச்சியில் இருக்கிறாள். அந்த மாடிக்கு நான் போகிறேன், என்னோடு இன்னும் சில பெண்களும் வருகிறார்கள். நாற்காலிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் முதல் ஆட்டத்தை நின்றுகொண்டுதான் ஆடுகிறோம். கால் வலிக்கத்தான் செய்கிறது. எங்களை உட்காரச் சொல்லி யாராவது பார்க்கட்டும்!