தனசிங் அண்ணனுக்காக நான் செய்த ஜெபம்

மழை நாளில் நனைந்த கம்பளியை இலை நிறுக்கும் கொட்டகையில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு இலை பறிக்கப் போவேன். மத்தியானம் வந்தால் கம்பளி காய்ந்து, மடித்து, இளஞ்சூடாக இருக்கும். தேயிலை உலர்த்தும் அடுப்போரம் அதைத் தொங்கவிட்டு எடுத்து வைப்பது பேக்டரி தனசிங் அண்ணன் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட். பனி இறங்கினால் பேக்டரியும் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் எங்கேயோ மிதப்பது போலிருக்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து தேயிலை வாசம் வரும். பின்னாலேயே அண்ணன் பாடும் கீர்த்தனை வரும்.

ஒரு நாள் ஸ்கேனில் அவர் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. எங்கள் லைனில் ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடி என்றுதான் நினைப்பார்கள்.

"கோயில்ல பாட்டு, ஊட்டுக்குள்ள பாட்டிலுங்களா?" என்று கேலி செய்தார்கள்.

நானும் நம்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எல்லார் முன்பும், "ஆண்டவரே, தனசிங் அண்ணனைக் குடியிலிருந்து விடுவியும்" என்று பெயர் சொல்லி ஜெபித்தேன். அவர் தலை குனிந்து "ஆமென்" என்றார்.

மறுநாள் கொட்டகைக்கு வந்தார். கையில் என் கம்பளி. அன்றைக்கும் சூடாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லைங்க. இது எங்க அப்பாவுக்கும் இருந்துச்சாம். சில குடும்பத்துல ரத்தத்தோடயே வருமுன்னு டாக்டர் சொல்றாரு. ஷைனாவுக்கும் பாக்கணுமாம். புள்ள மாட்டேங்குது."

அவர் மகள் ஷைனா எங்கள் லைனிலேயே வாழ்க்கைப்பட்டவள். "என்னையும் குடிகாரின்னுவாங்கப்பா. மாமியா சும்மா உடுமா?" என்று அழுதாளாம்.

கம்பளியை வாங்கிக்கொண்டு கேட்டேன்: "நான் என்ன செய்யட்டுங்ண்ணா?"

"அவகூட நீங்களும் போயி ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்து ஸ்கேன் எடுங்க. ஜெபக்கார அக்காவே ஈரல் பாக்கப் போகுதுன்னா யாரு வாயத் தொறப்பாங்க?"

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் எல்லாரிடமும் எங்கே போகிறோம் என்று நானே சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை. ஒல்லிக்குச்சி ஷைனாவுக்குத்தான் கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது. சர்க்கரையைக் குறை, தினமும் நட, வருஷம் ஒருமுறை வந்து காட்டு, இப்போதே பிடித்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். அடுத்த வெள்ளிக்கிழமை அதே வீட்டில், அதே முழங்காலில், என் தப்பை எல்லார் முன்பும் அறிக்கையிட்டேன்.

அண்ணன் ரிட்டயராகி மேட்டுப்பாளையத்தில் மகன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. புறப்பட்ட அன்று பஸ் பனிக்குள் நுழையும் முன் ஜன்னல் வழியாகச் சிரித்தார்.

"பிப்ரவரியில ஷைனாவுக்கு ஸ்கேனுங்க, மறக்காம கூட்டிட்டுப் போங்க. பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க தங்கச்சி. என்ன நோவுன்னு மட்டும் டாக்டர் சொல்லட்டும்."