பரீத்தை முன்னால் விட்ட ஆட்டம்

எங்கள் ஆனையூர் ஃபுட்பால் டீமுக்குப் பத்தொன்பது வருஷம் கோச்சாக இருந்த முத்திருளன் தண்ணீர் கேன் போடுகிறவன். காலை ஆறு மணிக்கு லோடு ஆட்டோவை எடுத்தால் கே.கே. நகர் மாடிகளில் ஏறி இறங்கி மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவான். லிஃப்ட் இருக்கிற பிளாட்டில்கூட கேன்காரன் அதில் வரக்கூடாது என்று எழுதிப் போட்டிருப்பார்கள். முட்டி தேய்ந்தவன் இருபது லிட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவான். நாலு மணிக்கு விசிலோடு மைதானத்தில் நிற்பான். இதற்குச் சம்பளம் கிடையாது. சீசன் முடிந்தால் கமிட்டி ஒரு சால்வை போடும். போட்டோ எடுக்கிறவரைக்கும் அது அவன் தோளில் இருக்கும்.

அவனும் ஒரு காலத்தில் ஆடினவன்தான். பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். முட்டி போனது செல்லூர் டீமோடு ஆடியபோது. செல்லூர்க்காரன் பிறந்ததே கபடிக்கு, அவனிடம் பந்தைக் கொடுத்தாலும் எதிராளி காலைத்தான் பிடிப்பான் என்று எங்கள் பக்கம் சொல்லிச் சிரிப்போம். முத்திருளன் மட்டும் சிரித்ததில்லை. அது நல்ல டேக்கிள், நான்தான் தாமதம் என்பான். அப்படி ஒரு ஆள். தன் முட்டியை உடைத்தவனுக்கும் நியாயம் பேசுகிறவனோடு யார் சேர்ந்து கத்த முடியும்?

கத்துவதற்கு எங்களுக்கு வேறு இடம் இருந்தது. மைதானத்து வாசலுக்கு எதிரே என் பஞ்சர் கடை. பழைய லாரி டயர்களைப் போட்டு வைத்திருப்பேன். சாயங்காலமானால் அதில் இடம் இருக்காது. ஆடுகிறவன் பதினொரு பேர், பேசுகிறவன் நாற்பது பேர். மெஸ்ஸி கட்சி ஒரு பக்கம், ரொனால்டோ கட்சி ஒரு பக்கம். இரண்டு கட்சிக்கும் சேர்த்துப் பேசுகிறவன் அருண்பாண்டி. கூரியர் கம்பெனியில் வேலை. வெளிநாட்டு ஆட்டம் ஒன்று விடாமல் போனில் பார்த்துவிட்டு வந்து, எந்த மேனேஜர் யாரை எங்கே நிறுத்தினான், எந்தக் கிளப் யாரைத் துரத்தியது என்று பிரித்து மேய்வான். அவன் வாயால் கோச் என்று வராது. மேனேஜர் என்றுதான் சொல்லுவான்.

"அங்கிட்டு நாலு ஆட்டம் தோத்தா மேனேஜரத் தூக்கிருவாய்ங்கண்ணே. நம்மதேன் ரேசன் கார்டு மாதிரி ஒரே ஆள பத்தொம்பது வருசமா புதுப்பிச்சுக்கிட்டே இருக்கோம்" என்று ஒரு நாள் சொன்னான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கடைச் சுவரில் பதினொரு பேரை எழுதுவோம். டியூபில் ஓட்டை இருக்கிற இடத்தைக் குறித்து வைக்கிற சாக்பீஸ்தான். யார் கோல்கீப்பர், யார் முன்னால், யாரை உட்காரவைப்பது என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டு முடிவு செய்வார்கள். சுவரும் சாக்பீஸும் என்னுடையது என்பதால் நான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்தை நாற்பது பேர் நின்று படிப்பது வேறெங்கே நடக்கும்?

முத்திருளன் அந்தப் பக்கமாக வருவான். சுவர் முன்னால் நின்று பதினொரு பேரையும் படிப்பான். நான் வாங்கிக் கொடுக்கிற டீயில் பாதியைக் குடித்து மீதியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவான். மறுநாள் அவன் நினைத்த டீமைத்தான் இறக்குவான். ஜெயித்தால் சுவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தோற்றால் எல்லாரும் சுவர் முன்னால் கூடி, இந்த டீமை விட்டிருந்தால் என்று ஆரம்பிப்பார்கள். சுவரில் இருந்த டீம் ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை, மைதானத்தில் இறங்கினால்தானே தோற்பதற்கு.

போன சீசன் எங்களுக்கு ஆகாத சீசன். இரண்டு பேர் வேலைக்கென்று திருப்பூர் போய்விட்டார்கள். ஒருவன் பைக்கில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். வரிசையாக ஐந்து தோல்வி. கடைசி ஆட்டம் செல்லூரோடு. டிரா செய்தால் முதல் டிவிஷனிலேயே இருக்கலாம். தோற்றால் இரண்டாவது டிவிஷன். கமிட்டி செயலாளர் சிவபாண்டி, செல்போன் கடைக்காரர், டீமுக்கு ஜெர்சி வாங்கித் தருகிறவர், முத்திருளனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். டீம் இறங்கினால் கோச்சும் இறங்க வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சு பரீத்தைப் பற்றியே. பரீத் எங்கள் ஸ்டாப்பர். கோழிக் கடையில் வேலை பார்க்கிற பையன், ஆள் கதவு மாதிரி இருப்பான். அதற்கு முன்னால் சும்மா ஆடிய பழக்க ஆட்டம் ஒன்றில் ஆள் பத்தாமல் அவனை முன்னால் விட, இரண்டு கோல் அடித்துவிட்டான். அருண்பாண்டி அதைப் போனில் பிடித்து குரூப்பில் போட்டான். அவ்வளவுதான். பரீத்தை முன்னால் விடு, பரீத்தை முன்னால் விடு என்று எல்லாரும் அதையே சொன்னார்கள். டிராவுக்கு ஆடுகிறவன் தோற்கத்தான் செய்வான் என்று அருண்பாண்டி விளக்கம் கொடுத்தான். பரீத்திடம் கேட்டபோது, நான் பின்னாலேயே நிற்கிறேன் என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

இதற்கு நடுவே எவனோ ஒருத்தன் முத்திருளன் முகத்தைத் தண்ணீர் கேன் மேல் ஒட்டி, கீழே 'காலி கேன்' என்று எழுதி குரூப்பில் அனுப்பினான். அது சுற்றிச் சுற்றிக் காலேஜில் படிக்கிற அவன் மகள் தமிழ்வாணி போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா, அவர்கள் சொல்கிற மாதிரி ஒரு தடவை செய்துவிட்டால்தான் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். இதை முத்திருளனே என்னிடம் சொன்னான்.

சொன்னது ஆட்டத்துக்கு முந்தின நாள். சுவரில் எழுதி முடித்திருந்தேன். முன்வரிசையில் பரீத் பெயரை மட்டும் அருண்பாண்டி கேட்டுக்கொண்டபடி பெரிதாக எழுதியிருந்தேன். புது ஜெர்சி வந்திருக்கிறதென்று எல்லாரும் சிவபாண்டி கடைக்குப் போய்விட்டார்கள். முத்திருளன் வந்து சுவரைப் படித்தான். போகவில்லை. டயரில் உட்கார்ந்தான். அவன் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அவிய்ங்கள விடுங்க. நீங்க சொல்லுங்க. பரீத்த முன்னால விடலாமா?"

நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷமாக இந்த வாசல் வழியாக ஆட்டம் பார்க்கிறவன் நான். பரீத்தை எடுத்தால் பின்னால் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் பெயரைப் பெரிதாக எழுதியது என் கை. எழுதிய கையால் எப்படி அழிப்பது?

"ஊரே சொல்லுதுப்பா. ஒரு தடவ கேட்டுத்தேன் பாரேன்" என்றேன்.

"ஊரு சொல்றது இருக்கட்டும்ணே. நீங்க?"

"நானும் அதத்தேன் சொல்றேன்."

அவன் சரி என்றான். டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் சுவரில் இருந்த பதினொரு பேரும் அப்படியே மைதானத்தில் இறங்கினார்கள். வரிசையைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கல்யாண வீடு மாதிரி கைதட்டினார்கள். மேனேஜர் திருந்திட்டாருடா என்று அருண்பாண்டி விசிலடித்தான். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து கோட்டோரம் நின்றேன்.

பதினாலாவது நிமிஷத்தில் செல்லூர்க்காரன் நடுவாக்கில் நடந்து வந்த மாதிரி வந்து ஒரு கோல் போட்டான். பரீத் நிற்கிற இடம் அது. அன்றைக்கு அங்கே புல்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் கோல்கீப்பரைத் திட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு கார்னர் பந்தை பரீத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. மைதானமே எழுந்து ஆடியது. சிவபாண்டி என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஒன்றுக்கு ஒன்று என்றால் டிரா. டிரா என்றால் போதும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முத்திருளன் கோட்டோரம் வந்து, பரீத்தைப் பார்த்துக் கையைப் பின்னால் காட்டி வா வா என்றான். பரீத்தும் திரும்பி நாலு எட்டு வைத்தான். அப்போதுதான் எங்கள் ஆட்கள் கத்தினார்கள். வராதே பரீத், இன்னொன்று போடு என்று. சிவபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரமாக ஓடி, முன்னால் போ என்று கையை வீசினார். நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினால் ஒருத்தன் குரல் எங்கே கேட்கும். பரீத் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். முத்திருளன் எங்கள் பக்கம் திரும்பினான். பிறகு தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டான்.

நானும் கத்தினேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அடுத்த பத்து நிமிஷத்தில் செல்லூர் இரண்டு கோல் போட்டது. இரண்டும் அதே வழியாக. மூன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பரீத் முன்னால் இல்லாவிட்டால் அந்த ஒரு கோலும் வந்திருக்காதாம். சுவரில் இருந்த டீம் சரிதானாம். பின்னால் ஆள் இல்லாமல் விட்டதுதான் தப்பாம், அதைக் கோச்தான் பார்த்திருக்க வேண்டுமாம். பதினொரு பேரில் ஒருவனை முன்னால் இழுத்தால் பின்னால் ஒருவன் குறையத்தான் செய்வான் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவபாண்டி கடை மாடியில் கமிட்டி கூடியது. மொத்தம் ஏழு பேர். மைதானத்துக்கு எதிரே கடை வைத்திருப்பதால் நானும் ஒருவன். ரசிகர்கள் சார்பில் அருண்பாண்டி வந்து ஓரத்தில் நின்றான். முத்திருளன் பாதி வீடுகளுக்குக் கேன் போட்டுவிட்டு நேராக வந்திருந்தான், சட்டையில் ஒரு தோள் மட்டும் நனைந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

யாரைக் கேட்டு பரீத்தை இடம் மாற்றினீர்கள் என்று சிவபாண்டி கேட்டார்.

கேள்வியைக் கேட்டவர் கோட்டோரம் ஓடினவர். சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் சுவர் முன்னால் நின்றவர்கள். முத்திருளன் ஒரு சுற்று எல்லார் முகத்தையும் பார்த்தான். என் முகத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது அவன் பார்வை. என் கையில் டீ டம்ளர் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரையும் கேக்கலங்க. நான்தேன் போட்டேன். கோச்சு நான்தான?"

"அதேன் அவரே ஒத்துக்கிட்டாருல்ல" என்றான் அருண்பாண்டி.

கோச்சை மாற்றச் சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் சிவபாண்டி. ஏழு கை மேலே போனது. அதில் ஒன்று என்னுடையது. ஆறு பேர் தூக்கும்போது நான் ஒருத்தன் தூக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். முத்திருளன் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். ஆட்டோவில் காலி கேன்கள் உருளுகிற சத்தம் மேலே கேட்டது.

இப்போது சென்னையில் சர்டிபிகேட் வாங்கிய ஒருவர் கோச்சாக வந்திருக்கிறார். பரீத் அவரிடம் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஷூவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் கோழிக் கடையே போதும் என்று இருக்கிறான். புது கோச் வந்து மூன்று ஆட்டம் ஆகிறது. ஒரு டிரா, இரண்டு தோல்வி. அவரை எப்போது தூக்கலாம் என்று டயரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாதம் மச்சினனின் வண்டியைப் பார்க்கக் கே.கே. நகர் போயிருந்தேன். ஒரு பிளாட் வாசலில் முத்திருளனின் ஆட்டோ நின்றது. கேனைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறக்கி வைத்தான். நல்லா இருக்கீகளாண்ணே என்று கேட்டான். தமிழ்வாணிக்குப் பரீட்சை என்றான். பரீத்தை மறுபடி ஆடச் சொல்லுங்கள், இருபத்திரண்டு வயசுதான் ஆகிறது, வீணாக்குகிறான் என்றான். டீமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அன்னைக்கித் தப்பு எங்க மேலதேன், முத்திருளா" என்றேன்.

"ஒங்க மேல என்னண்ணே தப்பு. பத்தொம்பது வருசமா கேக்காதவன் அன்னைக்கி கேட்டேன்ல. எடுத்துருவாய்ங்கன்னு பயந்துதான கேட்டேன்."

அவன் குனிந்து கேனின் கழுத்தைப் பிடித்தான்.

"ஆனா ஒண்ணுண்ணே. அவிய்ங்க எல்லாருக்கும் ஆட்டம் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். அதனாலதேன் ஒங்கள ரெண்டு தடவ கேட்டேன்."

மாடியிலிருந்து ஒரு அம்மாள் தண்ணீர் எப்போது வரும் என்று குரல் கொடுத்தாள். வாரேம்மா என்று சொல்லிவிட்டுக் கேனைத் தோளில் தூக்கினான். முதல் படியில் வலது காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, முட்டி போன இடது காலை அதே படிக்கு இழுத்தான். மூன்று மாடி. நான் கொஞ்ச நேரம் கீழே நின்றேன். அவன் இறங்கி வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.