காதுக்கு வைத்த ஹோல்டர்

ஆக்ஸிஜன் சிலிண்டரை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிற வேனை ஓட்டுகிறவள் அவள். நோயாளிகளின் வீடுகளில் அவளுக்குப் பெயர் சிலிண்டரக்கா. வழி தெரியாமல் முழித்தாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதற்குக் காரணமானவர் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், அவள் கணவர். லாரி ஓட்டியவர், ஊரின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்க்கரை நோய் அவர் கண்பார்வையைக் கொண்டுபோன பிறகு ஸ்டியரிங்கை அவள் பிடித்துக்கொண்டாள். வழியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வேன் கிளம்பினால் போனில் ஆஜர்.

"இப்ப எங்க இருக்க?"

"பெட்ரோல் பங்க் தாண்டிட்டேன்."

"மரக்கடைக்கு அப்புறம் லெஃப்ட். ஹாரன் அடிச்சுட்டுத் திரும்பு."

இது பெரிய தொல்லை என்பாள் மகள். தொல்லைதான், யார் இல்லையென்றது? ஆனால் பகல் முழுக்க அந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது? அதை நினைத்தால் அவளுக்குப் போனை வைக்க மனசு வராது.

மலைமேல் ஒரு வீட்டுக்குப் புதிதாக ஆர்டர் வந்தது. அடிவாரம் தாண்டினால் சிக்னல் கிடையாது. "போன்ல மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கங்க, சிக்னல் இல்லன்னாலும் வழி காட்டும். போனை வெக்க வேன்ல ஒரு ஹோல்டர் வாங்கி மாட்டிடுங்க" என்றார் மேனேஜர். தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் "கடைக்கு நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடைக்காரர் பாடு திண்டாட்டம். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பரை அமுக்கிப் பார்த்து, "வெயில் ஏறினா விழுந்துடும்" என்றார் கணவர். ஏசி துவாரத்தில் செருகுவதை நீட்டியதும், "எங்க வேன்ல ஏசியே இல்ல, உங்க தலையிலயா செருகறது?" காந்தம் வைத்தது முதல் குலுக்கலிலேயே தோற்றது. கடைசியில் திருகாணி போட்டு முடுக்குகிற கனத்த இரும்பு ஹோல்டர் ஒன்று தேறியது. அதை வேனில் எங்கே மாட்டுவது என்றும் அவரே தடவிப் பார்த்து முடிவு செய்தார். கியருக்குப் பக்கத்தில், தாழ்வாக.

"இங்கதான் பேச்சு தெளிவா கேக்கும்."

அவளும் தலையாட்டினாள். மேப் பார்ப்பதற்கானது என்று இருவரில் ஒருவருக்காவது உறைத்திருக்கக் கூடாதா! இத்தனை வருஷமாக வழி என்பது அவர்களுக்குக் காதில் விழுகிற சமாச்சாரம்.

மறுநாள் அடிவாரத்தில், "பாத்துப் போ" என்றதோடு அவர் குரல் அறுந்தது. மேப்பில் நீலப் புள்ளி ஒழுங்காகத்தான் நகர்ந்தது. குனிந்தால் சாலை தெரியவில்லை, நிமிர்ந்தால் மேப் தெரியவில்லை. அவர் பேச்சுக்குக் குறுக்கே வருமென்று மேப்பின் வாயை வேறு முதல் நாளே அடைத்துவிட்டிருந்தார்கள். அதைத் திறக்கும் வித்தை அவளுக்குத் தெரியாது. பாதை பிரிகிற இடமெல்லாம் வேனை நிறுத்தி, குனிந்து பார்த்து, தப்பாகத் திரும்பி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு சிலிண்டரில் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. புதியதை மாட்டி, படுக்கையில் இருந்தவரின் மூச்சு சீரான பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

இறங்கி அடிவாரம் வந்ததும் போன் அடித்தது.

"போய்ச் சேந்தியா?"

"சேந்தேன். ஹோல்டரை வெச்ச இடந்தான் தப்பு. மேப் கண்ணுக்கே தெரியல."

"நான் பேசறதுக்குன்னு வெச்சுட்டேன்," என்றார். "மேல மாத்திடலாம். இனிமே உனக்கு மேப் போதும்."

அவள் வேனின் வேகத்தைக் குறைத்தாள்.

"அந்த மலைக்கு மட்டும் நான் லோடு ஏத்திட்டுப் போனதே இல்ல," என்றார் அவரே. "ரோடு எப்படி?"

அவள் வேனை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். "மொதல்ல ஒரு பாலம். ஒரு வண்டிதான் போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் வலது பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு."

"மெதுவா சொல்லு, ஒண்ணையும் விடாத. அடுத்த தடவை நீ கெளம்பறதுக்கு முன்னாடியே மொத்த வழியையும் சொல்லி அனுப்பிடறேன்."