எலிப்பாஷாணமும் பேத்தை மீனும்

கால்நடை கம்பவுண்டர் வேலையில் நோயாளி பேசாது. கூட வந்தவர் அழுதுகொண்டே பத்து விதமாகப் பேசுவார். நாய், பூனை வளர்த்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அறுபதுகளில் அந்தமானில் எனக்கு வாய்த்தவர்களில் சிலரை இன்னும் மறக்க முடியவில்லை.

ஓட்டை டின்

திக்லிபூரில் குடியேறிய வங்காளி விவசாயி ஹரிபதா. வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த காலி டின்னில் மழைத்தண்ணீர் தேங்க, அதைக் குடித்த அவர் நாய் என் கண்முன்னே வலிப்பு வந்து செத்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாளே மனிதர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், காலி மருந்து டின்களை வாங்கி ஓட்டை போட்டுப் புதைத்தார். "உன் நாய்தான் போய்விட்டதே, இனி எதற்கு?" என்று கேட்டேன். இந்தியில் சொன்னார்: "என் நாய்தான் போச்சு பாபு. ஊர் நாய் எல்லாம் இருக்கே."

பொட்டலம்

லாங் ஐலண்டில் மரமில் தொழிலாளியின் மனைவி செபஸ்தியம்மாள், நாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். நாய் தின்றது போக மீதியிருந்த கருவாட்டுத் துண்டு, மேலே கறுப்புப் பொடி, பூண்டு வாடை. எலிப்பாஷாணம்! விஷம் இன்னதென்று உடனே தெரிந்ததால், தாமதிக்காமல் வாந்தி எடுக்க வைத்தோம். மூன்றாம் நாள் நாய் கஞ்சி குடித்தது. "அந்தப் பதற்றத்தில் எப்படியம்மா இதை எடுத்துவரத் தோன்றியது?" என்றேன். "அழுதா நேரம்தான் சார் போகும், பொட்டலம் கட்டினா வேலையாவது ஆகும்."

பேத்தை

ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவின் பூனை, கரையில் கிடந்த பேத்தையை, பந்துபோல உப்பிக்கொள்ளும் அந்த விஷ மீனைத் தின்றுவிட்டுத் துணிபோலக் கிடந்தது. அந்த விஷத்துக்கு முறிவு கிடையாது என்று கையை விரித்தேன். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த சூசை, தூத்துக்குடிக்காரர், பூனையை மடியில் வாங்கிக்கொண்டார். மூச்சு அடைக்காமல் தலையை நிமிர்த்திப் பிடித்து, வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தபடி பொழுது சாயும்வரை நகரவில்லை. அன்று கடலுக்கும் போகவில்லை. கடைசியில் பூனை வாலை அசைத்தது. குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு யார் வலையில் பேத்தை விழுந்தாலும் சூசையே வாங்கி மணலில் ஆழப் புதைப்பார். கூட்டாளிகள் கேலி செய்தபோது ஒரே பதில்தான்: "பூனைக்கு எல்லாம் மீனுதாம்ல. எது பேத்தைன்னு நமக்குல்லா தெரியும்!"

விஷத்தைத் தடுத்ததும் உயிரைப் பிடித்து வைத்ததும் இவர்கள். பதவி உயர்வு மட்டும் எனக்கு வந்தது.