வாற்கோதுமை விதைக்கப் போன தளபதி

தை 14, காலை 7.10. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு இருபத்து நான்கு மைல்; பஸ் கட்டணம் ஒரு ரூபாய் பத்துக் காசு. மடியில் குடை, பையில் ஆறு இட்லி, வயிற்றில் பயம். புதிய ஆட்சி வந்தும் வயல்களில் கூலிச் சண்டை ஓயவில்லை. நான் போகும் ஊரில் பதினோரு நாளாக அறுப்பு நின்றிருந்தது. நாளை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவதாக மிராசுதார் சொல்லியிருந்தார். இறக்கினால் அடிதடி நிச்சயம். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியனான என்னை, வெள்ளையரை எதிர்த்த ஓர் அரபுத் தளபதியின் வாழ்க்கையைச் சொல்லி ஆட்களுக்குத் தைரியமூட்ட விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் அழைத்திருந்தார்கள்.

10.15. மன்னார்குடியிலிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி. மதகருகே போலீஸ் வேன் இரண்டு. கிழக்கே மேகம்.

"சார், குடை மழைக்கா, தடியடிக்கா?" என்றார் வண்டிக்காரர்.

"எது முந்துதோ அதுக்கு."

11.30. களத்தில் நூற்றிருபது பேர் இருப்பார்கள். மிராசுதாரின் காரியக்காரர் சாமிநாதனும் வரப்போரம் நின்று கேட்டார். தளபதி மலைக்குகையில் ஒளிந்தது, மூன்று குதிரைகளை இழந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். அறுப்பு ஆட்களை நடத்தும் அஞ்சலை கைகாட்டி நிறுத்தினார்.

"இருங்க சார். அத்தன பேரும் மலையில கெடந்தா வெள்ளாமைய யாரு பாத்தா?"

"மழை பேஞ்சதும் ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடுவார். வாற்கோதுமை விதைச்சுட்டுத் திரும்புவாங்க."

"வெவரமான ஆளுதான். நாமதான் முத்துன கதிர மழைக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம்."

சங்கச் செயலாளர் ராஜாங்கம் முறைத்தார். "அப்ப கூலி?"

"அறுத்துக் களத்துல போடுவோம். கூலி பேசி முடிக்காம ஒரு மணி நெல்லு களத்தத் தாண்டாது. காவலுக்கு நான் படுக்குறேன். என்னங்க காரியக்காரரே, லாரி முந்துமா, மழை முந்துமா?"

சாமிநாதன் வானத்தைப் பார்த்தார். "மழைதான். ஐயாகிட்ட சொல்லி லாரிய நிறுத்திடறேன். அறுங்க, கூலியக் களத்துலயே பேசிக்கலாம்."

என் கதையின் மீதியை யாரும் கேட்கவில்லை. அரிவாள் எடுக்க ஓடினார்கள்.

4.20. திரும்பும்போது கதிர்க்கட்டுகள் தலைச்சுமையாகக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வேன்கள் இல்லை. குடையை நான் விரிக்கவே இல்லை. காலையில் இறங்காத இட்லிகளை பஸ் வடுவூர் வருமுன் தின்று முடித்தேன்.

தளபதியைப் பிடித்துத் தூக்கிலிட்டதோடு பேச்சை முடிப்பதாக இருந்தேன். நல்லவேளை, அதுவரை போகவில்லை. தஞ்சாவூரில் என்னிடம் படித்த எல்லோருக்கும் அவர் முடிவு தெரியும். அந்த ஊரில் மட்டும் அவர் இன்னும் பிடிபடவில்லை. மழை பெய்ததென்று விதைக்கப் போயிருக்கிறார்.