ஃப்ரீசர் ஜாக்கெட்

துபாய் ஜெபல் அலியில், உறைந்த கோழியும் மீனும் அடுக்கிவைக்கும் குளிர்க்கிடங்கில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். மைனஸ் இருபதில் நிற்கிறவனுக்கு மலைக்குளிரைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு. பெருநாள் லீவுக்கு ஐந்து பேராக ஜார்ஜியா மலைகளுக்குக் கிளம்பியபோது மற்ற நான்கு பேரையும் நான் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மூன்று பேர் ஆபீஸ்காரர்கள்; ஏசியைக் கொஞ்சம் கூட்டினால் தும்முகிற ரகம். பயிற்சி என்று ஒரு வாரம் பில்டிங் மாடிப்படியில் ஏறி இறங்கி, அதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள்.

நான்காவது ஆள் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருநெல்வேலி அண்ணன். அடுத்த மாதம் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர். அதற்குள் பனியாறு உருகித் தேங்கிய ஏரி ஒன்றில் கை நனைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஒரு ஜாக்கெட் வாங்கியிருந்தார். மட்டமான சரக்கு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். நான் கொண்டுபோனது கம்பெனி கொடுத்த ஃப்ரீசர் ஜாக்கெட்.

ஏற்றம் தொடங்கியதும் அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கிடங்கில் ஜிப்பை இறக்கக் கூடாது என்பது விதி. மலையிலும் கழுத்துவரை இழுத்துவிட்டு நடந்தேன். கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டு வெளியே வந்து உட்காருகிற வேலைக்குத் தைத்த உடுப்பு அது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. பனியனைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. ஏரிக்கு அரைமணி நேர நடை இருக்கும்போது பனிக்காற்று வீசியது. பற்கள் தந்தியடிக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீஸ்காரர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அண்ணன் என் ஈர உடுப்பை உருவி, காய்ந்திருந்த தன் ஜாக்கெட்டை எனக்கு மாட்டிவிட்டார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே," என்றேன். ஒப்புக்குத்தான். போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பயம்.

"சும்மா கெட தம்பி. எந்தி, கீழ போவோம்."

வெறும் ஸ்வெட்டரோடு என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் போனில் ஏரியைக் காட்டியபோது, ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவர் ஊருக்குப் போய்விட்டார். ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அது என் அலமாரியில் தொங்குகிறது. மட்டமான சரக்கு அதுவல்ல என்று தெரிந்துவிட்டது.